பாதி வீட்டில், மீதி கோயிலில்

மாசி தொடங்கிச் சித்திரை வரை அம்சவல்லிக்கு ஏழு பற்கள் பிடுங்கப்பட்டன என்பது மரக்காணம் உப்பளத்தில் அனைவரும் அறிந்த செய்தி. சித்திரைக் கடைசியில் ஒருநாள் அவர் வாய்விட்டுக் கொட்டாவி விட்டபோது, அருகிலிருந்த விருத்தாம்பாள் எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. இந்த முரண்பாட்டை அவர் அன்றே மற்ற பெண்களிடம் தெரிவித்தார். ஆனால் மேஸ்திரியிடம் நேரில் கேட்கும் துணிவு ஒருவருக்கும் வரவில்லை.

அம்சவல்லிக்கு வயது நாற்பத்தேழு. பாத்திகளில் வாரிக் குவித்த உப்பைக் கூடையில் ஏற்றித் தலையில் சுமந்து, கரையிலுள்ள அம்பாரத்தில் கொண்டுபோய்க் கொட்டும் எட்டுப் பெண்களுக்கு அவர் மேஸ்திரி. எந்தப் பாத்தியில் முதலில் இறங்குவது, யார் முன்னே நடப்பது, யாருடைய கூடையில் சேறு கலந்திருக்கிறது என்பவற்றை அவரே தீர்மானிப்பார். தீர்மானங்கள் பெரும்பாலும் வசவின் வடிவில் வெளிப்பட்டன. பெண்களும் பதிலுக்கு வாயாடினார்கள். விருத்தாம்பாள் சற்று அதிகமாகவே வாயாடினார். மேஸ்திரி பதவி தமக்கே வந்திருக்க வேண்டும் என்ற கருத்து அவருக்குப் பதினாறு ஆண்டுகளாக உண்டு.

பொங்கல் கழிந்த வாரத்தில் அம்சவல்லியின் இடது மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. புற்றுநோய் என்றார்கள், இருபத்தொரு நாளுக்கு ஒருமுறையாக, ஆறு தவணை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். வீட்டில் கணவர் செல்லப்பனுக்கும் மகள் கலைமதிக்கும் மட்டுமே இது தெரியும். அளத்தில், தோள்பட்டையில் கொழுப்புக் கட்டி எடுத்ததாகவும், இடது கையால் சுமை தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதாகவும் தெரிவிக்கப்பட்டது. மேஸ்திரிக்குக் கை அவ்வளவு அவசியமில்லை என்பதால் எவரும் ஐயுறவில்லை. மருந்து ஏற்றும் நாட்களுக்கும் அதன்பின் படுத்துக் கிடக்கும் நாட்களுக்கும் பற்கள் காரணமாயின.

மறைத்ததற்குக் காரணம் வெட்கம் அன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் டீக்கடை பஞ்சநாதனுக்கு இதே நோய் வந்தது. செய்தி பரவிய மறுநாளே, அவர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, அவர் முகத்துக்கு நேராக, "எவ்ளோ நல்ல மனுஷனா இருந்தாரு" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். சர்க்கரை அதிகம் என்று ஒருவரும் சண்டை போடவில்லை. பஞ்சநாதன் குணமடைந்தார், ஆனால் உயிரோடிருக்கும்போதே துக்கம் விசாரிக்கப்படுவதைத் தாங்க முடியாமல் கடையை மூடிவிட்டு அனுமந்தையில் மகள் வீட்டோடு போய்விட்டார். அம்சவல்லியின் அச்சம் இதுவே: நோயாளி என்று தெரிந்த நாளிலிருந்து தம் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இருக்காது, எதிர்ப்பேச்சு இல்லாதவர் மேஸ்திரியாக இருக்கவும் முடியாது.

முதல் தவணையன்று நர்ஸ் சங்கீதா எல்லாவற்றையும் முறையாக விளக்கினார்.

"ரெண்டு மூணு வாரத்துல முடி கொட்ட ஆரம்பிக்கும்மா. முன்னாடியே சின்னதா வெட்டிக்கிட்டா மனசுக்கு ஈசியா இருக்கும். டை, மருதாணி எதுவும் வேணாம். வெயில்ல தலைய மூடிக்கணும், பருத்தித் துணியா இருக்கட்டும். சிகிச்சை முடிஞ்சதும் தானா வளரும்."

"வளர எத்தினி நாளு ஆவும்?"

"எல்லா தவணையும் முடிஞ்சி ரெண்டு மூணு மாசத்துல தெரிய ஆரம்பிக்கும்."

"அதுவரைக்கும் ஊருக்கு இன்னா சொல்றது?"

"உண்மைய சொல்லுங்க."

அம்சவல்லி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்த ஊரும்மா?"

"சென்னைங்க."

"அதான்" என்றார் அம்சவல்லி.

கலைமதி இணையத்தில் ஒரு டோப்பா தருவித்தாள். பொட்டலத்தைப் பிரித்த செல்லப்பன், உள்ளே ஏதோ செத்துக் கிடப்பதாக எண்ணித் தெருவில் வீசினார். தூசு தட்டி எடுத்து வர வேண்டியதாயிற்று. தோள்வரை படிப்படியாக வெட்டப்பட்ட, செம்பட்டை ஓடிய முடி. அதை அணிந்த அம்சவல்லி, மாலைச் செய்தி வாசிக்க வந்து கண்ணாடி முன் காத்திருப்பவரைப் போலிருந்தார். அந்தத் தோற்றம்கூடப் பரவாயில்லை. கொல்லைப்புறம் போனதும் கடற்காற்று அதை ஒருமுறை முழுவதுமாகத் திருப்பி வைத்தது. முன்பக்கம் பின்னாலும் பின்பக்கம் முன்னாலும் வந்ததில் கிணற்றடிக்கு வழி தெரியவில்லை. அளத்தின் நடுவே வீசும் காற்றில் இது தாங்காது என்று முடிவாயிற்று.

முதல் தவணை முடிந்த பதினேழாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலை துவட்டிய துண்டோடு முடி கொத்தாக வந்தது. திங்களன்று மழித்துவிடத் தீர்மானித்தார்கள். ஆனால் எங்கே? நாவிதரை வீட்டுக்கு அழைத்தால், யார் போய்விட்டார் என்று தெருவே வந்து விசாரிக்கும். கடைக்குப் போனால் அரைமணி நேரத்தில் அளத்துக்குத் தெரியும். கலைமதி ஒரு யோசனை சொன்னாள்: தாடி வெட்டச் செல்லப்பன் வாங்கிய டிரிம்மர் இருக்கிறது.

"ஆட்டுக்குத்தான் முடி வெட்டியிருக்கேன்" என்றார் செல்லப்பன்.

"இதுவும் அப்படித்தான், கம்முனு செய்யி" என்றார் அம்சவல்லி.

அன்று காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை மின்தடை என்பதை மூவருமே மறந்திருந்தனர். செல்லப்பன் வலது காதிலிருந்து தொடங்கினார். வேலை அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. சரியாக நடு வகிட்டை அடைந்தபோது டிரிம்மர் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு நின்றது. வலப்பக்கம் மொட்டை, இடப்பக்கம் இடுப்புவரை கூந்தல்.

அந்த நேரத்தில்தான், மறுநாள் எந்தப் பாத்தி என்று கேட்டுப்போக விருத்தாம்பாள் உள்ளே வந்தார்.

செல்லப்பன் டிரிம்மரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"அக்கா... இன்னா இது?"

"வேண்டுதல்" என்றார் அம்சவல்லி.

"வேண்டுதல்னா கோயில்லதானே எடுப்பாங்க? வூட்ல வச்சி பாதி எடுக்கறது எந்த ஊரு வழக்கம்?"

"பாதி வூட்ல, மீதி கோயில்ல. அப்படித்தான் வேண்டிக்கினேன்."

"எந்த சாமிக்கு?"

"கீழ்புத்துப்பட்டு ஐயனாருக்கு."

"இன்னான்னு வேண்டிக்கினீங்க?"

அம்சவல்லி கதவுக்கு வெளியே பார்த்தார். கிழக்கே ஒரு சிறு மேகம் நின்றிருந்தது. "மழ வரக்கூடாதுன்னு" என்றார்.

உப்பளத்தில் இதைவிடப் பொருத்தமான வேண்டுதல் இருக்க முடியாது. அம்பாரங்கள் திறந்த வெளியில் கிடக்கும் மாதங்களில் ஒரு மணி நேர மழை போதும், ஒரு மாத உழைப்பு கரைந்து ஓடையில் போய்விடும். விருத்தாம்பாளின் கண்கள் கலங்கின. தம் பதினாறு ஆண்டுப் பகையை ஒத்திவைத்துவிட்டு, சாட்சியாகத் தாமும் கோயிலுக்கு வருவதாக அறிவித்தார். மறுநாள் விடியலில், தலையில் துண்டுடன் அம்சவல்லியும், வழி நெடுக அந்தத் துண்டைச் சரிசெய்தபடி விருத்தாம்பாளும் பேருந்தில் சென்றனர்.

கோயில் நாவிதர் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் யாரு எடுத்தது?" என்று கேட்டார்.

"என் வூட்டுக்காரரு."

"தொழிலுக்குப் புதுசா?" என்றபடி மீதியை மழித்தார்.

இதன்பின் நிகழ்ந்தவற்றுக்கு அம்சவல்லி பொறுப்பல்லர். பங்குனியில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் கடல்மேல் கருமேகம் திரண்டு, மரக்காணத்தின்மேல் ஒரு துளியும் சிந்தாமல் தெற்கே நகர்ந்தது. அளம் முழுவதும் அந்தத் தலையை நிமிர்ந்து பார்த்தது. காலையில் பாத்தியில் இறங்குமுன் பெண்கள் ஒவ்வொருவராக வந்து மேஸ்திரியின் உச்சந்தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அளத்து முதலாளி, அந்தத் தலை வெயிலில் வாடக்கூடாது என்று பெரிய குடை ஒன்றை வாங்கி அனுப்பினார். கலைமதி, செல்லப்பனின் பழைய பனியன்களை வெட்டி ஆறு தொப்பிகள் தைத்தாள். பழையவை தீர்ந்ததும் புதியவற்றையும் வெட்டினாள். குடையையும் தொப்பியையும் பற்றிக் கேட்ட நர்ஸ் சங்கீதா, இவ்வளவு ஒழுங்காகத் தலையைப் பாதுகாக்கும் நோயாளியைத் தாம் கண்டதில்லை என்றார். யார் பாதுகாக்கிறார்கள் என்பதை அம்சவல்லி விளக்கவில்லை.

சித்திரை நடுவில் புருவங்களும் உதிர்ந்தன. கலைமதி நாள்தோறும் பென்சிலால் வரைந்து அனுப்பினாள். ஒருநாள் அவசரத்தில் இடது புருவம் சற்று மேலே ஏறிவிட்டது. அன்று முழுவதும் மேஸ்திரி எதையும் நம்பாதவரைப் போலத் தோன்றினார். வேலை வழக்கத்தைவிட விரைவாக முடிந்தது.

வேண்டுதலின் புகழ் மேற்கே கிளியனூர் வரை சென்றது. அங்கே அது புகழாகப் போய்ச் சேரவில்லை. கோடைமழை பெய்து ஈரம் கண்டால்தான் மல்லாட்டை எனும் நிலக்கடலை விதைக்கும் கொல்லையில் ஏர் இறங்கும்; நிலம் கல்லாகக் கிடந்தது. செல்லப்பனின் அக்கா கமலாம்பாள் வாழ்க்கைப்பட்ட ஊர் அது. தம்பி பெண்டாட்டியின் தலைதான் மழையை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று கேள்விப்பட்ட கமலாம்பாள், மே பன்னிரண்டாம் தேதி ஞாயிறு காலை, ஊர்ப் பெண்கள் ஐவரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக அளத்துக்கே வந்திறங்கினார். ஐந்தாம் தவணை மருந்துக்கு நான்கு நாட்கள் இருந்தன.

"ஏம்மே அம்சா! நீ உப்பு விக்க நாங்க மண்ணு திங்கணுமா?"

"வாங்க அண்ணி. தண்ணி குடிங்க."

"தண்ணியா? தண்ணிக்குத்தானே வந்திருக்கோம்! ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எடுத்த மொட்ட. இந்நேரம் விரல் நீளத்துக்கு வளந்திருக்க வாணாமா? தொப்பிய எடு."

தொப்பி எடுக்கப்பட்டது. கமலாம்பாள் தடவிப் பார்த்தார். விளக்கிய பித்தளைச் சொம்புபோல் வழுவழுப்பாக இருந்தது.

"பாருங்கடி! இவ திருட்டுத்தனமா வாராவாரம் மழிச்சிக்கினு இருக்கா. மழ தப்பித் தவறிக்கூட வந்துடக் கூடாதுன்னு!" பிறகு அவர் பார்வை சற்றுக் கீழே இறங்கியது. கட்டைவிரலை எச்சிலில் நனைத்து அம்சவல்லியின் நெற்றியில் இழுத்தார். வலது புருவம் விரலோடு வந்துவிட்டது. "ஐயோ! புருவம் எந்த சாமிக்குடி?"

விருத்தாம்பாள் கூடையை எறிந்துவிட்டு நடுவில் பாய்ந்தார். "எங்க அக்கா தலைய தொட்டீங்கன்னா கைய ஒடச்சிடுவேன்! ஐயனார் ஒப்புக்கினதுக்கு நாந்தான் சாட்சி. ஒங்களுக்கு மழ வேணும்னா நீங்க போயி முடி வளக்கறேன்னு வேண்டிக்கோங்க!"

அளத்தில் தண்ணீர் மோட்டார் பார்க்கும் செல்லப்பன் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். "அக்கா, கொஞ்சம் பொறுமையா..."

"டேய் செல்லப்பா, பொண்டாட்டி தலைய அடக்க முடியாதவன் நீ, பேசாத! வியாழக்கெழம காலையில நாங்க கோயிலுக்கு வர்றோம். இவளும் வரணும். வேண்டுதல திருப்பி வாங்கிக்கிறேன்னு சொல்லி, பொங்க வச்சி, எங்க கண்ணு முன்னாடி தலையில எண்ணெ வைக்கணும். அதுக்கப்புறம் கத்தி பட்டுச்சி, நம்ம ஒறவு அவ்ளோதான்."

வியாழக்கிழமை என்பது மே பதினாறு. தவணை நாள். தேதியைத் தள்ளிப்போடக்கூடாது என்று மருத்துவமனையில் பலமுறை சொல்லியிருந்தார்கள். வர முடியாது என்றால் ஏன் என்ற கேள்வி வரும். வருகிறேன் என்றால் மருந்து தவறும். எட்டாவது பல்லைப் பற்றிச் சொல்ல அம்சவல்லி வாயைத் திறந்தார். விருத்தாம்பாளின் கண்கள் நேராக வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தன.

"வியாழக்கெழம எனக்கு ஆஸ்பத்திரி, அண்ணி" என்றார் அம்சவல்லி. "கேன்சர். மாசியிலேர்ந்து மருந்து ஏத்தறாங்க. முடி அதுல போச்சி. புருவமும் அதுலதான். நான் எந்த சாமிக்கிட்டயும் எதையும் வேண்டிக்கல."

கமலாம்பாள்தான் முதலில் வாய் திறந்தார்.

"அப்போ மழைய யாரு நிறுத்தனது?"

கமலாம்பாள் இரண்டு கணம் வானத்தைப் பார்த்தார். பிறகு அம்சவல்லியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். பின்னால் நின்ற ஐவரும், இன்னும் முழுவதும் விளங்காத நிலையிலேயே, சேர்ந்து அழுதார்கள்.

மறுநாளிலிருந்து அம்சவல்லி அஞ்சியது நடந்தது. கரையில் அவருக்கு ஒரு நாற்காலி வந்தது. காலையில் இளநீர் வந்தது. பெண்கள் அவர் அருகில் வரும்போது குரலைத் தாழ்த்தினார்கள். கூடையில் சேறு என்று அவர் கத்தினால், "ஆமாங்கக்கா" என்று கழுவிக்கொண்டு வந்தார்கள். சேறு இல்லாத கூடையைக் கழுவச் சொன்னபோதும் கழுவிக்கொண்டு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை, புதிதாக வந்த லாரிக்காரர் ஒருவரிடம் விருத்தாம்பாள் சொன்னது அவர் காதில் விழுந்தது: "எங்க மேஸ்திரி எப்படித் திட்டுவாங்க தெரியுமா? அளமே அதிரும். தங்கமானவங்க." ஆறடித் தொலைவில் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்த அம்சவல்லிக்குப் புரை ஏறியது.

புதன்கிழமை காலை அவர் ஒரு சோதனை செய்தார். வடக்குப் பாத்தியில் உப்பு முற்றி, மறுநாள் வாருவதற்குத் தயாராகப் படிந்து கிடந்தது. அந்த நிலையில் உப்பேறாத புதுத் தண்ணீரைப் பாத்திக்குள் விட்டால் படிந்ததெல்லாம் கரைந்துவிடும் என்பது, அளத்துக்கு வந்து இரண்டே நாளானவருக்கும் தெரியும்.

"விருத்தாம்பா, வடக்குப் பாத்தியில புதுத் தண்ணி வுடு."

பெண்கள் எட்டுப் பேரும் நின்றார்கள். விருத்தாம்பாளின் உதடு அசைந்தது. அம்சவல்லி ஆவலோடு காத்திருந்தார்.

"சரிங்கக்கா" என்றார் விருத்தாம்பாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

இதோ திரும்புவாள் என்று அம்சவல்லி எண்ணினார். திரும்பவில்லை. வரப்பில் நின்று ஒருமுறை பின்னால் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓங்கி வெட்டினார். வாய்க்கால் தண்ணீர் சலசலவென்று பாத்திக்குள் இறங்கியது.

குடை ஒருபக்கம் போயிற்று. தொப்பி காற்றோடு போயிற்று. நான்கு தவணை மருந்து ஏறிய உடம்பு வரப்பில் ஓடிய வேகத்தைச் செல்லப்பன் இன்றும் நம்ப மறுக்கிறார்.

"அடியே பாவி! அடை! அடைடி! கண்ணு அவிஞ்சி போச்சா? முத்தின உப்புல எவளாச்சும் புதுத் தண்ணி வுடுவாளா?"

"நீங்கதானே சொன்னீங்க!"

"நான் சொன்னா? பதினாறு வருஷமா உப்பு சுமக்கற, அறிவ எங்க அடகு வச்ச?"

"ஒடம்பு முடியாதவங்க ஆசப்பட்டு சொல்றாங்களே, எதிர்த்துப் பேசக்கூடாதேன்னு..."

"நோவு எனக்குத்தான்டி! உப்புக்கு இல்ல!"

இருவரும் முழங்கால் அளவுச் சேற்றில் மண்ணை வாரி வாரி உடைப்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். விருத்தாம்பாளின் முகம் சிவந்தது. மூன்று நாட்களாக அடக்கி வைத்திருந்த மரியாதை அந்த இடத்தில் முடிவுக்கு வந்தது.

"கத்தாதீங்க! தப்பா சொல்றதும் நீங்க, திட்டறதும் நீங்க! பாதித் தலையோட என்ன கூட்டிக்கினு போயி, ஐயனார் முன்னாடி பொய் சாட்சி சொல்ல வச்சீங்களே, அந்தப் பாவத்துக்கு யாரு பதில் சொல்றது? எங்கிட்டயாச்சும் சொன்னீங்களா? நான் இன்னா ஊரெல்லாம் போயி தம்பட்டம் அடிக்கப் போறனா?"

"அடிக்க மாட்டியா?"

விருத்தாம்பாள் ஒரு கணம் யோசித்தார். "அடிப்பேன்தான். அதுக்காக சொல்லாம இருப்பீங்களா?"

உடைப்பு அடைபடுவதற்குள் பாத்தியின் கால் பங்கு கரைந்துவிட்டது. யாரால் என்ற வாக்குவாதம் மதியக் கஞ்சி வரை நீடித்தது. மற்ற பெண்களும் கட்சி பிரிந்தார்கள். ஐந்து பேர் விருத்தாம்பாள் பக்கம், இரண்டு பேர் மேஸ்திரி பக்கம். சாயங்காலம் நாற்காலியை ஒருவர் கவிழ்த்து வைத்து அதன்மேல் கூடைகளை அடுக்கினார்.

மழை வைகாசி கடைசியில் பெய்தது. யாருடைய தலையும் அதற்குக் காரணமாகக் கூறப்படவில்லை. கிளியனூரில் ஏர் இறங்கியது, அளத்தில் அம்பாரங்களின்மேல் கீற்று ஏறியது.

அதற்கு முன், தவணை நாளான வியாழக்கிழமை காலை ஆறரை மணிப் பேருந்தில், அம்சவல்லிக்குப் பக்கத்து இருக்கையில் விருத்தாம்பாள் வந்து உட்கார்ந்தார். யாரும் அவரை அழைக்கவில்லை. முந்தைய நாள் கோபம் தீராததால் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"வாரற வேலைய இன்னிக்கி யாரு பாக்கறா?" என்று அம்சவல்லிதான் கேட்டார்.

"எல்லாம் நான் சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க ஒரு நாளு இல்லாட்டி அளம் ஓடாதா இன்னா?"

"வந்து பாக்கறேன், நீ சொன்ன லட்சணத்த."

"பாருங்களேன்" என்றார் விருத்தாம்பாள், சன்னலிலிருந்து திரும்பி. முழுதாக ஒரு சண்டைக்கு இடம் கிடைத்த மகிழ்ச்சியில், அம்சவல்லி தொப்பியைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, எந்தப் பாத்தியை முதலில் வாரச் சொன்னாய் என்று தொடங்கினார். புதுச்சேரி வரும்வரை இருவரும் நிறுத்தவில்லை.